சியோலில் முதல் பேஸ்பால் மேட்ச்: டிக்கெட் எடுப்பதிலிருந்து தொண்டை கட்டுவது வரை

கொரியாவுக்கு வந்து இரண்டு வருடம் மைதானத்துப் பக்கமே போகாமல் இருந்தவன் நான். விதிகள் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கிரிக்கெட் பார்த்த கண்ணுக்கு மூன்று இன்னிங்ஸில் பிடிபட்டுவிடும்.

1. முதலில் நாள். கொரியாவின் தொழில்முறை பேஸ்பால் தொடரான கேபிஓ லீக்கில் 10 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 144 ஆட்டங்கள், திங்கள் ஓய்வு. வார இறுதிக்கு ஆசைப்படாதீர்கள். 2024-ல் மொத்தப் பார்வையாளர்கள் முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டினார்கள். டிக்கெட் பிடிக்கும் சண்டைக்கு இங்கே 'பிகெட்டிங்' என்றே பெயர். 'பி' என்றால் ரத்தம்! செவ்வாய், புதன் மாலை 6:30 ஆட்டம் நல்லது.

2. அடுத்தது டிக்கெட் ஆப்பில் போன் வழி அடையாளச் சரிபார்ப்பு. நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஆப்பில் பெயர் போட்டால் 'தகவல் பொருந்தவில்லை' என்றே வந்தது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி விட்டு, விடாமல், எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில்தான் தெரிந்தது: சிம் வாங்கிய கடையில் என் பெயரை மட்டும் ஏற்றி, அப்பா பெயரை விட்டுவிட்டார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாதே, அந்தக் குழப்பம். ஏஆர்சி அட்டையோடு (வெளிநாட்டவர் பதிவு அட்டை) அந்தக் கடைக்குப் போய், அதில் உள்ளபடியே மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் ஆப்பிலும் அதே வரிசை, அதே இடைவெளி. கொரிய மொழித் திரை புரியாவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து பபாகோ என்ற மொழிபெயர்ப்பு ஆப்பில் போடுங்கள்.

3. இருக்கை. சியோலின் சம்சில் மைதானத்தில் முதல் பேஸ் பக்கம் (பேட்டருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கம்) சொந்த அணி, மூன்றாம் பேஸ் பக்கம் (இடப்பக்கம்) விருந்தாளி அணி. இது தெரியாமல் சொந்த அணியான எல்ஜியின் தொப்பியோடு எதிரணி ரசிகர்கள் நடுவில் போய் உட்கார்ந்தேன். யாரும் திட்டவில்லை, ஆனால் வாயே திறக்க முடியவில்லை. குவாங்ஜு, தேகு மைதானங்களில் பக்கம் தலைகீழ். என்னைக் கேட்டால் சம்சிலில் ஆரஞ்சு இருக்கைதான். ஆரவாரக் குழுவின் மேடை அங்கேதான். அமைதியாகப் பார்க்க வீட்டில் டிவி இருக்கிறது.

4. சாப்பாடு வெளியிலிருந்து கொண்டுபோகலாம். கோழி வறுவல், கிம்பாப் (கடற்பாசியில் சுற்றிய சோற்று உருளை) இருந்தால் போதும்.

5. நம் அணி பேட் செய்யும்போது எழுந்து கத்த வேண்டும், எதிரணி ஆடும்போது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு உண்டு. வரிகள் தெரியாவிட்டால் 'அன்தா!' என்று சேர்ந்து கத்துங்கள், 'ஹிட்' என்று பொருள். என் காதில் முதலில் பிரியாணி அண்டாதான் விழுந்தது.

பின்சேர்க்கை: போன் அடுத்தவர் பெயரில் இருக்கிறது, என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். சரிபார்ப்பு நடக்காது. டிக்கெட் எடுத்துத் தரச் சொல்ல ஒரு கொரிய நண்பரைப் பிடியுங்கள்.