மாதாந்தப் பேச்சுக்கு ஆளை அழைக்கும்போது விடும் தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஓய்வுபெற்றோர் வட்டம் மாதம் ஒரு தடவை கூடும். வெளியிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் சொல்வோம். ஒருமுறை மரணசாசனம், அதாவது உயில், பற்றிப் பேச ஒரு நொத்தாரிசு (உறுதி, உயில் எழுதிக்கொடுக்கும் சட்டத்தரணி) வந்தார். நாலரைக்குக் கூட்டம். விளக்கேற்றல், தேவாரம், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து அவர் கையில் மைக் வந்தபோது ஐந்தே கால். ஐந்தரைக்கு மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால் இரண்டு சாட்சி, அவர் இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சி வேண்டும் என்ற அடிப்படை விஷயத்தைக்கூட அவர் படியிறங்கும்போதுதான் சொன்னார். அதைக் கேட்டது நாலு பேர்.

நாங்கள் விட்ட பெரிய தவறு இதுதான். இப்போது தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் விருந்தினர் பேச ஆரம்பித்துவிட வேண்டும். அறிமுகம் மூன்று வசனம், பொன்னாடை கடைசியில். "மரியாதைக் குறைவாய் நினைக்க மாட்டாரோ?" என்று நிர்வாகக் குழுவில் ஓர் ஐயா வருத்தப்பட்டார். வேலையை விட்டுவிட்டு வந்த மனிதரை முக்கால் மணி நேரம் மேடையில் சும்மா இருத்தி வைத்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அடுத்தது, காது. வயதோடு வரும் செவிக் குறைவில் முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகள். அதனால் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. பேச்சாளர் மைக்கை நெஞ்சளவில் பிடித்திருப்பார். இரண்டாம் வரிசையில் ஓர் அக்கா காதுக்குப் பின்னால் கையை மடக்கி வைத்து, பக்கத்தில் சாய்ந்து, "என்னவாம் சொல்லுறார்?" என்பார். பக்கத்தில் இருப்பவர் விளக்கப் போய், அடுத்த இரண்டு வசனம் இருவருக்குமே போய்விடும். இதைப் பல மாதம் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது ஒருவர் கடைசி வரிசையில் இருந்து, கேட்காவிட்டால் கையை உயர்த்துவார். மைக் வாய்க்குக் கிட்ட இருக்க வேண்டும். காலி வீதிப் பக்கத்துக் கதவைச் சாத்திவிடுவோம், இரைகிற மின்விசிறியைக் குறைத்து வைப்போம். பேச்சாளரை ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கவும் விடுவதில்லை. முகம் இருட்டாகிவிட்டால், உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிறவர்கள் தவித்துப் போவார்கள்.

விற்க வருகிறவர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்களில் பலர் வேலைக்காலத்தில் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியை மொத்தமாக எடுத்து வைத்திருப்பவர்கள். 'முதுமையில் சேமிப்பு' என்று பேச வந்த ஒருவர் கடைசியில் விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்டினார், தொலைபேசி இலக்கங்களையும் எழுதி வாங்கினார். அடுத்த வாரம் முழுக்க எங்கள் ஆட்களுக்கு அழைப்புத்தான். அழைக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: படிவம் கூடாது, பெயர்ப் பட்டியல் கூடாது. பணத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால், அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது, அதைப் பார்ப்பது எப்படி என்று சொல்லித்தர ஒருவரைப் பிடியுங்கள்.

தலைப்பும் ஒரே பக்கம் சாயக்கூடாது. சீனி வருத்தம், பிரஷர், முழங்கால், அப்புறம் மறுபடி சீனி வருத்தம் என்றே போனால் ஆட்கள் குறைவார்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸை அழைக்கும்போது வீட்டு அடையாளத்தை எப்படிச் சொல்வது என்ற ஒன்றை மட்டும் எடுத்தாலே ஒரு நல்ல மணி நேரம் கிடைக்கும். எங்களுக்குள்ளேயே ரயில்வேயில் இருந்தவர், நில அளவையாளர், தபாலதிபர் எல்லாம் இருக்கிறார்கள். வருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் வராவிட்டால் பேசுவதற்கு அவர்களில் ஒருவரை எப்போதும் ஆயத்தமாக வைத்திருங்கள். விருந்தினருக்கு முதல் நாள் ஒரு தடவை தொலைபேசி எடுப்பதும் மறக்கக்கூடாது.

நாள், நேரம் பற்றிச் சுருக்கமாக. வெசாக் நேரத்தில் தெருவெல்லாம் சனம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எங்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்தில். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடிமழை பிடித்துக்கொள்ளும். நாங்கள் காலை பத்து மணிக்கு மாறிவிட்டோம். இருட்டில் படியிறங்கும் பயமும் இல்லை.

கேள்வி நேரத்தை "யாராவது கேளுங்கோ" என்று திறந்து விட்டால், பழகிய இரண்டு பேர் தங்கள் சொந்தப் பேச்சைத் தொடங்கிவிடுவார்கள். ஒரு வாரம் முன்பே துண்டுக் கடதாசி கொடுத்துக் கேள்விகளை வாங்கிவிடுவது நல்லது. அதே நொத்தாரிசை மறுபடி அழைத்தபோது அப்படித்தான் செய்தோம். பதினேழு கேள்வி வந்தது. கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காத ஓர் அம்மா எழுதியிருந்தார்: "மகன் கனடாவில். அவன் வராமலே இதை எழுதலாமோ?" நொத்தாரிசு கடதாசியிலிருந்து கண்ணை எடுத்துச் சபையைப் பார்த்து, "தாராளமாய் எழுதலாம் அம்மா, எழுதுறது நீங்கள், அவர் இல்லை" என்றார். பின் வரிசையில் அந்த அம்மா கைப்பையைத் திறந்து பேனாவைத் தேடினார்.