டெமோவில் எல்லா சாஃப்ட்வேரும் நல்லதுதான்: வாங்கும் முன் நெல்லைப் பக்கத்துக் கம்பெனிகள் செய்யும் தவறுகள்

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நடந்த டெமோவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாஃப்ட்வேர் விற்க வந்த பையன் கெட்டிக்காரன். லேப்டாப்பைத் திறந்ததும் திரை முழுக்க வண்ண வண்ணப் படங்கள். இன்றைய விற்பனை, வர வேண்டிய பாக்கி, கையிருப்புச் சரக்கு என்று எல்லாம் மின்னியது. முதலாளி அண்ணாச்சிக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. செக் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லிவிடுவார் போலிருந்தது. அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளை வாயைத் திறந்தார்.

“தம்பி, 25 கிலோ பைக்கு வரி உண்டு, 26 கிலோ பைக்குக் கிடையாது. ரெண்டையும் ஒரே பில்லுல போட்டுக் காட்டுங்க பாப்போம். அப்புறம், உமிய செங்கச் சூளைக்குப் போடுதோம். அது எதுல ஏறும்?”

பையன் கொஞ்ச நேரம் மவுஸை உருட்டினான். “அதுக்குத் தனியா கஸ்டமைஸ் பண்ணணும் அண்ணாச்சி” என்றான். அன்றைக்கு டெமோ அத்தோடு முடிந்தது.

கணக்கப்பிள்ளை கேட்டது குதர்க்கமான கேள்வி இல்லை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடை போனால் இல்லை. கடைகளில் 26 கிலோ பை வந்த கதை இதுதான். உமி விஷயம் இன்னும் ஆழமானது. 100 கிலோ நெல்லை அரைத்தால் 68 கிலோ புழுங்கலரிசி தர வேண்டும் என்பது அரசுக் கொள்முதலில் உள்ள கணக்கு. மீதி உமி, தவிடு, ஈரம், சேதாரம். உள்ளே போவது ஒரு சரக்கு, வெளியே வருவது நாலைந்து. அந்தப் பையன் கொண்டுவந்த சாஃப்ட்வேரோ வாங்கியதை அப்படியே விற்கும் கடைக்காக எழுதியது. அதில் நெல் ஸ்டாக்கில் தேங்கிக்கொண்டே போகும், அரிசி மைனஸில் ஓடும். மூன்று மாதம் கழித்து “சாஃப்ட்வேர் சரியில்லை” என்பார்கள்.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சிறு கம்பெனிகளுக்குக் கணக்கு அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல், சாஃப்ட்வேரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நடந்து முடிந்தவை.

சொந்த வேலையை எழுதிப் பார்க்காதது

ஆலையோ கம்பெனியோ, எப்படி நடக்கிறது என்று முதலாளியிடம் கேட்டால் ஒன்று சொல்வார். கிட்டங்கியில், அதாவது சரக்குக் கோடவுனில், நிற்கிற ஆளைக் கேட்டால் வேறொன்று சொல்வார். சாஃப்ட்வேர் கிட்டங்கி ஆள் சொல்கிறபடிதான் ஓட வேண்டியிருக்கும். ஆகவே டீலருக்குப் போன் போடும் முன் ஒரு வாரம், ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு சும்மா எழுதுங்கள். லோடு வந்தால் முதலில் யார் பார்க்கிறார், எந்தத் துண்டுச் சீட்டில் எழுதுகிறார், அந்தச் சீட்டு யார் கைக்குப் போகிறது, சிட்டையில் (அன்றாடக் குறிப்பேட்டில்) ஏறுவது எப்போது, பேரேட்டுக்கு (ஆள்வாரிக் கணக்குப் புத்தகத்துக்கு) போவது எப்போது. எந்த இடத்தில் “அதை வாய்வார்த்தையாச் சொல்லிருவோம்” என்று பதில் வருகிறதோ, அந்த இடத்துக்கு அடியில் கோடு போடுங்கள். சாஃப்ட்வேர் வந்த பிறகு சண்டை வரப்போவது அங்கேதான்.

நம் சீமைக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. இங்கே பல தொழில்கள் ஆலைக்குள் நடப்பதில்லை, வீட்டுத் திண்ணையில் நடக்கின்றன. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் இலையும் தூளும் வீட்டுக்குப் போய் பீடியாகத் திரும்பி வருகின்றன. நெசவு ஊர்களில் நூல் போய்த் துணியாக வருகிறது. சரக்கு நம்முடையது, ஆனால் இருப்பது அடுத்தவர் வீட்டில். கொடுத்தது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு, கழிவு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று ஆள்வாரியாகச் சொல்லத் தெரியாத சாஃப்ட்வேர் இந்தத் தொழில்களுக்கு உதவாது. ஜிஎஸ்டியிலும் இதற்குக் கணக்கு உண்டு. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குச் செய்து வாங்க, வெளியே அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், ஐடிசி-04 படிவத்தில் விவரம் காட்ட வேண்டும். டெமோவில் “ஜாப் ஒர்க் இருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் “இருக்கு” என்றுதான் சொல்வார்கள். “பத்துப் பேருக்குக் கொடுத்து, ஏழு பேரிடம் பாதி மட்டும் திரும்பி வந்ததாகப் போட்டுக் காட்டுங்கள்” என்று கேளுங்கள்.

அவர்கள் சரக்கில் டெமோ பார்ப்பது

டெமோவுக்கென்று அவர்கள் ஒரு கம்பெனியை உள்ளே தயாராக வைத்திருப்பார்கள். அந்தக் கம்பெனியில் சரக்குத் திரும்பி வராது, யாரும் அரைகுறையாகப் பணம் கட்டமாட்டார்கள், விலை நடுவில் மாறாது. அதைப் பார்த்து முடிவெடுப்பது பெண் வீட்டார் காட்டிய போட்டோவை வைத்து முகூர்த்தம் குறிப்பது மாதிரி.

உங்கள் கடையின் மோசமான ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை என்று வையுங்கள். அன்றைக்குப் போட்ட பில்களில் தகராறானவற்றைப் பொறுக்கி எடுங்கள். மூன்று பில்லுக்கும் சேர்த்து ஒரு ரவுண்டுத் தொகை கட்டிவிட்டுப் போன வாடிக்கையாளர், உடைந்த மூட்டையைத் திருப்பி அனுப்பியவர், பில் ஒரு பெயரிலும் சரக்கு இறக்கியது வேறு இடத்திலுமாக வாங்கியவர். இவர்களை வரிசையாக ஏற்றச் சொல்லுங்கள்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறினவே, அது நல்லதொரு சோதனை. அன்று சிமென்ட் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியது. 20-ஆம் தேதி விற்ற சிமென்டில் பத்து மூட்டை பிற்பாடு திரும்பி வந்தால், திரும்பிய சரக்குக்கு நாம் கொடுக்கும் கிரெடிட் நோட்டில் பழைய 28 விழ வேண்டும். விகிதத்தைத் தேதிவாரியாக வைத்திருக்கும் சாஃப்ட்வேருக்கு இது ஒரு நிமிட வேலை. ஐட்டத்துக்கு ஒரே ஒரு விகிதம் வைத்துக்கொண்டு அதை அடித்துத் திருத்துகிற சாஃப்ட்வேர் இங்கே தடுமாறும்.

இன்னொன்று. டெமோவின்போது கீபோர்டு உங்கள் ஆள் கையில் இருக்கட்டும். விற்க வந்தவர் வாயால் மட்டும் சொல்லலாம், கை நீட்டக் கூடாது. தினமும் 150 பில் போடுகிற இடத்தில், ஒரு பில்லுக்கு அரை நிமிடம் கூடினால் நாளைக்கு ஒண்ணே கால் மணி நேரம் போய்விடும். பக்கத்தில் கடிகாரம் வைத்துப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம்.

முதல் விலையை மட்டும் பேரம் பேசுவது

நம் ஆட்கள் பேரத்தில் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் பேசுவது லைசென்ஸ் விலையை மட்டும். மாதம் ஆளுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 10 பேருக்கு 5 வருடத்தில் 4,80,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 86,400. இந்த வரியை வழக்கமான பதிவில் இருப்பவர்கள் உள்ளீட்டு வரியாக எடுத்து, தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டமான காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு அந்த வழி கிடையாது, கைக்காசுதான். இதோடு பழைய கணக்கை ஏற்றும் கூலி, மாற்றி எழுதும் கூலி, ஏஎம்சி என்கிற வருடப் பராமரிப்புக் கட்டணம், பயிற்சி, புது பிரிண்டர் எல்லாம் தனி. ஐந்து வருடச் செலவை ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வரலாம்.

“இலவசம்” என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. ஈஆர்பிநெக்ஸ்ட், ஒடூவின் கம்யூனிட்டி பதிப்பு போன்றவை திறந்த மூலத்தில் கிடைப்பவை, லைசென்ஸுக்குக் காசு இல்லை என்பது உண்மைதான். ஆனால் சர்வருக்கு வாடகை உண்டு, அதை நிறுவிப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் உண்டு. அப்படி ஓர் ஆள் கைவசம் இருந்தால் அருமையான வழி, இல்லாவிட்டால் வேண்டாம். எதிர்ப்பக்கம், ஊர்ப் பாசத்தில் வாங்குகிறவர்களும் உண்டு. சாஃப்ட்வேர் கம்பெனியான ஜோஹோவின் அலுவலகம் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் இருக்கிறது, நமக்கெல்லாம் பெருமைதான். அதற்காக அது உங்கள் ஆலைக்குப் பொருந்தும் என்றும் இல்லை, பொருந்தாது என்றும் இல்லை. ஆடிட்டருக்குப் பழக்கம் என்பதற்காகவே டாலி வாங்குவதும் இதே ரகம். ஆடிட்டருக்கு வேண்டியது வருடக் கணக்கு. உங்களுக்கு வேண்டியது நாளைக் காலை எந்த வண்டியில் எதை ஏற்றுவது என்பது.

சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்கும் பில், 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயம். “இந்த வருசம் நாலு கோடிதானே?” என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 2017-18-லிருந்து ஏதாவது ஒரு வருடம் 5 கோடியைத் தாண்டியிருந்தாலே போதும், கட்டாயம் வந்துவிடும். லோடு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில், தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு 1 லட்சத்துக்கு மேல் என்றால் வேண்டும். புளியரை தாண்டிக் கேரளத்துக்குப் போகிற லோடு என்றால் 50,000. இந்த இரண்டு வரம்பையும் சாஃப்ட்வேர் தானாகப் பிரித்தறிகிறதா என்று பாருங்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: எந்தப் பதிவை யார் எப்போது திருத்தினார் என்ற தடம் சாஃப்ட்வேரில் இருக்க வேண்டும், அதை நிறுத்தி வைக்க முடியக் கூடாது. “வேணும்னா ஆஃப் பண்ணிக்கலாம்” என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். வாசல் வரை வழியனுப்பிவிட்டு வந்தேன்.

கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்காதது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பக்கமெல்லாம் ஏறி, கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரக் கடையில் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் இருந்தது. பேக்கப் உண்டா என்றால், உண்டு. தினமும் தவறாமல் பென்டிரைவில் எடுத்து, அதே மேஜையின் டிராயரில் வைத்திருந்தார்கள். தாக்கல் செய்த ரிட்டர்ன் ஜிஎஸ்டி தளத்தில் இருந்தது, பேங்க் கணக்கு பேங்கில் இருந்தது. யார் எவ்வளவு பாக்கி என்பது மட்டும் ஆற்றோடு போனது. கடன் வாங்கியவர்கள் நல்லவர்களாக இருந்ததால் பெரும்பகுதி திரும்பி வந்தது என்றார் முதலாளி. இதில் என் பங்கும் உண்டு. பென்டிரைவ் எங்கே வைக்கிறீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கிளவுடில் வைத்தால் இந்தப் பயம் குறையும், வேறு பயம் வரும். மலையடிவார ஊர்களில் காற்று மழை என்றால் நெட்டும் கரண்டும் சேர்ந்தே போகும். நெட் இல்லாதபோது பில் போட முடியுமா, வந்த பிறகு தானாகச் சேருமா என்பதை டெமோ நடக்கும்போதே மோடத்தை அணைத்துப் பாருங்கள். அப்புறம், சந்தாவை நிறுத்தினால் நம் கணக்கு என்னவாகும்? ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். வாங்கும் முன்பே, எல்லாக் கணக்கையும் எக்செல்லில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். பிடிஎஃப் கொடுத்தால் போதாது, அதை இன்னொரு சாஃப்ட்வேரில் ஏற்ற முடியாது.

பெயரில் வரும் வினை

சின்ன விஷயம் போலத் தெரியும். கருப்பட்டியை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ஒருவர் ஒரு ‘பி’ போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார், மூன்றாமவர் ‘கே’வுக்குப் பதில் ‘ஜி’ என்று ஆரம்பிப்பார். சாஃப்ட்வேருக்கு அது மூன்று சரக்கு. பழைய குப்பையை அப்படியே புதியதில் கொட்டிவிட்டு ஸ்டாக் ஒத்துவரவில்லை என்பார்கள். தமிழில் பெயர் போடவும் தேடவும் முடிகிறதா என்று பாருங்கள். கிட்டங்கி ஆட்கள் போனில் தமிழில்தான் வாட்ஸ்அப் அனுப்புகிறார்கள், இதில் மட்டும் ஏன் இங்கிலீஷில் தடவ வேண்டும்?

டீலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும். ஏற்கெனவே அவரிடம் வாங்கிய ஒருவரைப் பிடித்து, 10-ஆம் தேதி சாயங்காலம் போன் போட்டால் டீலர் எடுக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் காட்டுகிற வாடிக்கையாளரைக் கேட்க வேண்டாம், நீங்களாகத் தேடிப் பிடித்தவரைக் கேளுங்கள்.

மாறும் நாளைப் பொறுத்தவரை, சித்திரை முதல் நாள் மஞ்சள் குங்குமம் வைத்துப் புதுக்கணக்கு போடுவதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் பிறக்கிறது. ஓப்பனிங் பேலன்ஸை அந்தத் தேதியில் ஏற்றிவிட்டு, பூஜையை 14-ஆம் தேதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாவது பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். அந்த அரிசி ஆலையில் இரண்டாவது டெமோ மூன்று வாரம் கழித்து நடந்தது. பையன் உமியையும் தவிட்டையும் ஏற்றிக் காட்டினான். கணக்கப்பிள்ளை திரையைப் பார்த்துவிட்டுச் சிட்டையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். “சரி, விலையச் சொல்லுங்க” என்றார். பழைய கம்ப்யூட்டரை மட்டும் தூக்கிப் போட வேண்டாம், 72 மாதக் கணக்கு அதில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். கிட்டங்கியில் போட்டு வைக்கிறோம் என்றார்கள். அங்கே எலி இருக்கிறது, ஆபீஸ் பீரோவில் வையுங்கள் என்றேன்.