கைட்போர்டிங் பயணமும் காற்றுக் கணக்கும்

கைட்போர்டிங்குக்காக, அதாவது கைட் எனும் பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று நீரில் சறுக்கும் விளையாட்டுக்காக, கடற்கரை வரை போய்க் காற்றுக்காகக் காத்துக் கிடப்பதுதான் என்னை ரொம்ப வாட்டிய பிரச்சினை. பயணத் தேதி குறிக்கும் முறையை மாற்றியதும் அது தீர்ந்தது.

இப்போது மாதச் சராசரி வேகத்தை மட்டும் நம்புவதில்லை. இரவின் அமைதியும் பிற்பகல் கடற்காற்றும் ஒன்றாகக் கலந்த எண் அது, 12 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல் என்ற வேக அளவு) என்று காட்டும் இடத்தில் மதியத்துக்கு மேல் 20 நாட் வீசலாம். அதனால் பகல் நேரத்தில் காற்று 15 நாட் வேகத்தைத் தாண்டும் தினங்கள் அந்த மாதத்தில் எத்தனை சதவீதம் என்று பல வருடப் பதிவுகளில் தேடுகிறேன்.

பருவத்தின் இரு ஓரங்களையும் தவிர்த்துவிடுவேன். இலங்கையின் கல்பிட்டியில் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் அக்டோபர் வரை என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் என் தேர்வு, பிரேசிலின் கும்புகோ என்றால் செப்டம்பருக்குப் பிறகு.

அப்புறம் திசை. கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று எவ்வளவு சீராக இருந்தாலும் வேண்டாம், ஏதாவது பழுதானால் அது நம்மைக் கடலுக்குள் இழுத்துப் போய்விடும். கரைக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் கரைப்பக்கம் சாய்ந்து வீசுவதே நல்லது.

வேகம் தெரிந்துவிட்டால் எந்த அளவுக் கைட்டைக் கட்டுவது என்பதும் சுலபமாக முடிவாகிவிடும், என் எடைக்கு 9, 12 சதுர மீட்டர் இரண்டும் போதும்.