‘நாளைக்கு வாருங்கள்’ என்று சொல்வதற்கு முன்: சீலம் காப்பவர்களுக்கு ஒரு தையல்காரியின் குறிப்பு

காஞ்சிபுரத்தில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். கொலை, களவு, முறைகெட்ட காமம், பொய், போதை ஆகியவற்றிலிருந்து விலகியிருக்கும் பௌத்த ஒழுக்கங்களான பஞ்ச சீலத்தை ஏற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. புதிதாகச் சீலம் எடுத்தவர்கள், ‘தவறாமல் காப்பது எப்படி?’ என்று கேட்பார்கள். எதற்காகக் காக்கிறீர்கள் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள் என்பேன். அது தெரியாமல் நான் மூன்று ஆண்டுகள் தடுமாறினேன்.

ஐந்தையும் ஏற்றாலும், கவனிக்க ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலில் நாள்தோறும் உரசுவது எதுவோ, அது. எனக்குப் பொய். வெட்டவே எடுக்காத ரவிக்கையைப் பற்றி, ‘கொக்கி வைப்பதுதான் பாக்கி, நாளைக்கு வாருங்கள்’ என்று சொல்லிச் சொல்லி நாக்கு பழகியிருந்தது. அடுத்தது, கொடுக்காததை எடுத்தல்: பட்டுத் துணியில் வெட்டியதுபோக மிஞ்சும் துண்டு.

சீலம் ஏற்கும்போது சொல்லும் பாலி வாக்கியம் ‘வேரமணீ ஸிக்காபதம் ஸமாதியாமி’ என்று முடியும். ‘விலகியிருக்கும் பயிற்சியை மேற்கொள்கிறேன்’ என்று பொருள். யாரும் நமக்குக் கட்டளையிடவில்லை. ஆகவே காரணத்தையும் நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு நோட்டு போதும். பொய் வாய்வரை வந்து நின்றுவிட்ட ஒவ்வொரு முறையும், எது நிறுத்தியது என்று பாருங்கள். போதனைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் புத்தர் மூன்று ‘ஆதிபத்தியங்களை’ச் சொல்கிறார்: தன்னை முன்வைத்து விலகுதல், உலகை முன்வைத்து விலகுதல், தம்மத்தை, அதாவது அறத்தை, முன்வைத்து விலகுதல். ‘இப்படி நடக்கவா இந்த வழிக்கு வந்தேன்?’ என்பது முதலாவது. ‘அறிந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?’ என்பது இரண்டாவது. ‘இவ்வளவு தெளிவான அறம் கைக்குக் கிடைத்திருக்கும்போது அலட்சியம் தகுமா?’ என்பது மூன்றாவது. ஆர்டர் நோட்டின் ஓரத்தில் தனக்கு ‘த’, உலகுக்கு ‘உ’, அறத்துக்கு ‘அ’ என்று ஓரெழுத்தில் குறித்துவந்தேன். முதல் மாதம் ஏறக்குறைய எல்லாமே ‘உ’. தெருவில் பேர் கெட்டுவிடும் என்ற பயம்தான் என்னைக் காத்திருக்கிறது.

‘உ’ வந்தால் கூசாதீர்கள். ஹிரி, ஒத்தப்பம் என்ற இரண்டு ‘வெள்ளைத் தம்மங்கள்’ உலகத்தைக் காக்கின்றன என்று அதே நிகாயம் சொல்கிறது. திருக்குறளில் நாணுடைமை, தீவினையச்சம் என்று இரண்டு அதிகாரங்கள் உண்டல்லவா, ஏறக்குறைய அவைதான் இவை. பழைய உரையில் ஓர் உவமை வரும். ஓர் இரும்புக் குண்டு. ஒரு பக்கம் மலம் பூசியது, மறுபக்கம் பழுக்கக் காய்ந்தது. ஒரு பக்கத்தை அருவருத்துத் தொடமாட்டோம், மறுபக்கத்தைச் சுடும் என்று அஞ்சித் தொடமாட்டோம். இரண்டில் எது தடுத்தாலும் கை தப்பிக்கிறது. அங்குத்தரத்துக்கு உரை எழுதிய புத்தகோசர் எங்கள் காஞ்சியில் ஜோதிபாலர் என்ற பிக்குவோடு தங்கியிருந்தவர். நூலின் முடிவில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் கத்தரி பிடிக்கும் எனக்கு அது தனி நெருக்கம்.

ஆனால், ‘உ’ மட்டும் இருந்தால் யாரும் பார்க்காத நேரத்தில் அது கைவிட்டுவிடும். வெளிநாடு போய்விட்ட ஒருவரின் அரக்கு நிறப் பட்டுத் துண்டு, முக்கால் முழம், ஜரிகையோடு என்னிடம் மிஞ்சியது. கேட்க ஆள் இல்லை. வேறொரு ரவிக்கைக்குக் கைப்பட்டியாக வைத்துக் காசும் வாங்கினேன். அன்றிலிருந்து மாலையில் தியானத்தில் உட்கார்ந்தால், மூச்சைக் கவனிக்குமுன் அந்த அரக்கு நிறம் வந்து நிற்கும். இப்படிப் பல வாரங்கள். சீலத்தின் பயன் என்ன என்று சீடர் ஆனந்தர் கேட்டபோது புத்தர் சொன்ன விடை அப்போதுதான் எனக்கு விளங்கியது: ‘உறுத்தல் இன்மை.’ உறுத்தல் இல்லாவிட்டால் மகிழ்ச்சி, மகிழ்ச்சியிலிருந்து அமைதி, அமைதியிலிருந்து மன ஒருமை என்று அந்த விடை நீள்கிறது. சொர்க்கத்திலிருந்து அவர் தொடங்கவில்லை. இன்று மாலை உங்களால் உட்கார முடிகிறதா என்பதிலிருந்து தொடங்குகிறார். அந்த வாடிக்கையாளரின் தங்கையைத் தேடிப்போய் உண்மையைச் சொல்லித் துணியின் விலையைக் கொடுத்தேன்.

அடுத்த பயிற்சி புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்னது. கண்ணாடி எதற்கு? பார்த்துக்கொள்வதற்கு. அப்படியே செயலையும் செய்யுமுன், செய்யும்போது, செய்தபின் மூன்று முறை பார்த்துக்கொள் என்றார் புத்தர். பொய் பற்றிய இந்த அறிவுரையைப் பிக்குகளும் இல்லறத்தாரும் கேட்க வேண்டும் என்று அசோகர் ராஜஸ்தானின் பைராட் கல்வெட்டில் பெயர் சொல்லியே குறித்திருக்கிறார். நான் செய்வது இதுதான்: போன் மணி அடித்தால் கத்தரியைக் கீழே வைத்துவிடுவேன். அந்த இரண்டு நொடியில் ‘செய்யுமுன்’ பார்வை முடிந்துவிடும். பிறகு, “இன்னும் வெட்டவில்லை அம்மா, வெள்ளிக்கிழமை மாலை ஆகும்” என்பேன். தை மாத முகூர்த்த நாட்களில் சிலர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். போகட்டும்.

உள்நோக்கத்தையும் பாருங்கள், சேதனையே, அதாவது அந்த உள்நோக்கமே, கர்மம் என்கிறார் புத்தர். வெள்ளிக்கிழமை என்று மனதாரச் சொல்லி, மின்வெட்டால் சனிக்கிழமை ஆனால் அது பொய் ஆகாது. ஆனால் எரிச்சலில், “உங்கள் இடுப்பு மூன்று அங்குலம் கூடிவிட்டது, அளவு ரவிக்கை எப்படிப் பொருந்தும்?” என்று ஒருத்தியிடம் கேட்டேன். அளவு உண்மை. அவள் முகம் சுருங்கியது. அதை அன்று நோட்டில் முழு வாக்கியமாகவே எழுதிவைத்தேன்.

ஒரு நாளைக்கு மூன்று குறிப்புக்கு மேல் வேண்டாம், சலித்துவிடும். தவறினால் உரியவரிடம் அன்றே சொல்லிவிட்டுச் சீலத்தைத் திரும்ப ஏற்றுக்கொள்ளுங்கள். பௌர்ணமியன்று மாலை பக்கங்களைப் புரட்டி, த, உ, அ எத்தனை என்று எண்ணிப் பார்த்து, புதுப் பக்கத்தில் தேதி போடுங்கள். சென்ற பௌர்ணமிக்கு என் நோட்டில் ‘அ’ நான்கு.