வேலை போன பிறகு: பதவிப் பெயரை விட்டுப் பணிக்கூறுகளைக் கொண்டு அடுத்த வேலையைத் தேடுதல்

வேலையை இழந்த பலர், தாங்கள் வகித்த பதவியின் பெயரை வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் தட்டிப் பார்ப்பதிலிருந்தே அடுத்த தேடலைத் தொடங்குகிறார்கள். ஒரு நிறுவனத்தின் நட்டத்தால் மட்டும் வேலை போயிருந்தால் அந்த வழி போதுமானதாக இருக்கலாம். அந்தப் பதவியே எல்லா இடங்களிலும் சுருங்கிக்கொண்டு வருமானால், ஒரே பெயரைத் தேடித் தேடி மாதங்கள் கரைவதுதான் மிச்சம். உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, 2030-க்குள் 9.2 கோடி வேலைகள் இல்லாமல் போகும், 17 கோடி வேலைகள் புதிதாக உருவாகும் என்று மதிப்பிட்டது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆறுதலான கணக்குத்தான். ஆனால் மறையும் வேலையில் இருந்தவரிடமே புதிய வேலை தானாக வந்து சேரும் என்று அது சொல்லவில்லை. புதியது வேறு துறையில், வேறு ஊரில், வேறு பெயரில் இருக்கக்கூடும். அந்த இடைவெளியைக் கடப்பதற்கான முறையே இங்கு விளக்கப்படுகிறது.

முதல் வாரம்: ஆவணங்களும் பணமும்

வேலை தேடத் தொடங்கும் முன் பழைய வேலையின் கணக்கை முறையாக முடித்துக்கொள்ளுங்கள். பணியிலிருந்து நீக்கியதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அது ஆட்குறைப்பு என்றால் அந்தச் சொல்லே கடிதத்தில் இருப்பது பின்னாளில் மிகவும் உதவும். பணிவிடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டுகள், வரிக் கணக்குக்கான ஆவணங்கள், அறிவிப்புக் காலச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான தொகை, சேமநிதி அல்லது ஓய்வூதியக் கணக்கின் விவரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். இழப்பீட்டு ஒப்பந்தம் எதையாவது நீட்டி உடனே கையெழுத்திடச் சொன்னால், படித்துப் பார்க்க அவகாசம் கேட்டு, தொழிலாளர் சட்டம் அறிந்த ஒருவரிடமோ தொழிற்சங்கத்திடமோ காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். வேலையின்மை உதவித்தொகை வழங்கும் நாடுகளில் விண்ணப்பிப்பதற்குக் காலக்கெடு இருப்பது வழக்கம். பல இடங்களில் விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய காலத்துக்குத் தொகை கிடைக்காது. வெட்கமோ தயக்கமோ காரணமாக இதைத் தள்ளிப்போட வேண்டாம். அது உரிமையாக வழங்கப்படும் தொகை.

அடுத்ததாக, வாடகை, கடன் தவணை, உணவு, மருந்து, பிள்ளைகளின் கல்வி ஆகிய தவிர்க்க முடியாத செலவுகளை மட்டும் கூட்டி, கையிலுள்ள பணம் எத்தனை மாதங்களுக்குத் தாங்கும் என்று கணக்கிடுங்கள். உங்கள் தேடலின் போக்கை அந்த எண்தான் தீர்மானிக்கும். இரண்டு மாதம் மட்டுமே தாங்கும் என்றால் இடைக்கால வருமானத்துக்கான வேலையையும் சேர்த்தே தேட வேண்டும்; எட்டு மாதம் தாங்கும் என்றால் துறை மாறுவதற்கான பயிற்சியைக்கூடத் திட்டமிடலாம். கடன் தவணை தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்த நிறுவனத்துடன் பேசுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் இந்தக் கணக்கை மறைக்காதீர்கள்.

வேலையைக் கூறுகளாகப் பிரித்தல்

இனிச் சொல்லப்போவதே இந்த முறையின் அடிப்படை. இதற்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குவது தகும். டேவிட் ஆட்டர், ஃபிராங்க் லெவி, ரிச்சர்ட் மர்னேன் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கணினி ஒரு பதவியை அப்படியே விழுங்குவதில்லை, விதிமுறைப்படி திரும்பத் திரும்பச் செய்யும் கூறுகளையே எடுத்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். எதிர்பாராத சிக்கலைத் தீர்ப்பது, மனிதர்களிடம் பேசி இணங்க வைப்பது போன்ற கூறுகளுக்குக் கணினி துணையாகவே நின்றது. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அந்த எல்லைக்கோட்டை நகர்த்தியிருக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் பதவியைக் கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும் அணுகுமுறை இன்றும் செல்லுபடியாகிறது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில், வேலையில் இருந்தபோது கழிந்த ஒரு சாதாரண வாரத்தை நினைவுகூர்ந்து, காலை முதல் மாலை வரை என்னென்ன செய்தீர்கள் என்பதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பதவி விவரக் குறிப்பில் இருப்பதை அல்ல, உண்மையில் செய்ததை எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்த ஒருவர் ‘பில்களைப் பதிவு செய்தேன்’ என்று ஒரே வரியில் முடித்துவிடக்கூடும். சற்று ஆழமாகக் கேட்டால், அவர் பில்லுக்கும் கொள்முதல் ஆணைக்கும் இடையிலான வேறுபாடுகளைக் கண்டுபிடித்திருப்பார். சரக்கு அனுப்பியவரிடம் பேசி அவற்றைத் தீர்த்திருப்பார். மாத இறுதியில் கணக்கை முடித்திருப்பார். தணிக்கையாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மென்பொருளைக் கற்றுக்கொடுத்திருப்பார். இவற்றில் பதிவு செய்யும் கூறு மட்டுமே மென்பொருளிடம் போய்விட்டது. மற்றவற்றுக்கு இன்னும் ஆள் தேவைப்படுகிறது; அந்தத் தேவை கொள்முதல் ஒருங்கிணைப்பு, நிலுவை வசூல், சரக்கிருப்புக் கட்டுப்பாடு, தணிக்கை உதவி என்று வேறு வேறு பெயர்களில் விளம்பரமாகிறது. பழைய பதவிப் பெயரை மட்டும் தேடியவரின் கண்ணில் இவற்றில் ஒன்றுகூடப் பட்டிருக்காது.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு பணிக்கூறையும் எடுத்து, இதை இப்போது மென்பொருள் செய்துவிடுகிறதா, வேறு எந்தத் துறையில் இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், இதைத் தவறாகச் செய்தால் யாருக்கு என்ன இழப்பு ஏற்படும் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. என் கருத்தில் அதுவே மிகவும் முக்கியமானது. தவறினால் பெரிய இழப்பை உண்டாக்கும் கூறுகளைத்தான் நிறுவனங்கள் பொறுப்புள்ள ஒரு மனிதரிடம் விட்டுவைக்க விரும்புகின்றன.

பிறகு, பதவிப் பெயரைப் பொருட்படுத்தாமல் முப்பது வேலை விளம்பரங்களைச் சேகரித்து, அவற்றில் வரும் செயல்களை மட்டும் அடிக்கோடிட்டு, உங்கள் பட்டியலுடன் ஒப்பிடுங்கள். எந்தப் பதவிகளைத் தேடுவது என்றே தெரியவில்லையென்றால் தொழில் வகைப்பாட்டு ஏடுகள் கைகொடுக்கும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2008-ஆம் ஆண்டு வகைப்பாடு, உலகின் தொழில்களை 436 அடிப்படைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன வேலை நடக்கும் என்று விவரிக்கிறது. பல நாடுகளின் வகைப்பாடுகள் அதைத் தழுவியவை. உங்கள் தொழில் இருக்கும் குழுவுக்கு முன்னும் பின்னும் உள்ள குழுக்களைப் படியுங்கள்.

ஒரே நிறுவனத்தில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு இந்தப் பயிற்சி மற்றவர்களைவிட அதிகம் தேவை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வேலையிழந்த நீண்டகால ஊழியர்களை ஆராய்ந்து 1993-இல் வெளியான ஆய்வு, அவர்களின் வருமான இழப்பு ஆண்டுக்குச் சராசரியாக 25 சதவீதம் அளவுக்கு நெடுநாள் நீடித்ததைக் கண்டது. அவர்களின் அறிவில் ஒரு பகுதி அந்த ஒரு நிறுவனத்துக்குள் மட்டுமே பயன்படுவதாக இருந்தது இதற்கான விளக்கங்களுள் ஒன்று. ஆகவே உங்கள் பட்டியலில் பழைய நிறுவனத்துக்கு மட்டுமே பொருந்துபவை எவை, எங்கும் பொருந்துபவை எவை என்று நேர்மையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி எப்போது

பட்டியலுக்குப் பிறகுதான்; அதற்கு முன் எந்தப் படிப்புக்கும் பணம் கட்ட வேண்டாம். வேலையிழந்தவரின் பதற்றத்தை நம்பியே பல பயிற்சி நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. நீங்கள் சேகரித்த விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வருவதும், உங்களிடம் இல்லாததும், சில வாரங்களிலோ மாதங்களிலோ செய்து காட்டக்கூடியதுமான திறன் எதுவோ அதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். சேர்வதற்கு முன், அதே படிப்பைச் சென்ற ஆண்டு முடித்தவர்களில் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்து, இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். சான்றிதழைவிட, நீங்களே செய்த ஒரு சிறிய வேலையின் மாதிரி நேர்காணலில் அதிகம் பேசும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் பொதுவாகப் படிப்பதைவிட, உங்கள் பணிக்கூறு ஒன்றில் பயன்படுத்திப் பார்த்து, அவை எங்கே தவறுகின்றன என்று கண்டுபிடிக்கப் பழகுங்கள். அத்துறையில் அனுபவம் உள்ளவரால்தான் அந்தத் தவறுகளைப் பிடிக்க முடியும்.

யாரிடம் கேட்பது

நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த வேலைகள் பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்தவையே. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர்கள் வழியாக வேலை பெற்றவர்களில் ஆறில் ஒருவர் மட்டுமே அந்த அறிமுகத்தை அடிக்கடி சந்திப்பவராக இருந்தார். மற்றவர்கள் எப்போதாவது அல்லது மிக அரிதாகச் சந்தித்தவர்கள். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான சோதனையும், ஓரளவு தொலைவான தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன என்று உறுதிப்படுத்தியது. எனவே முன்னாள் சக ஊழியர்கள், பழைய வாடிக்கையாளர்கள், சரக்கு அனுப்பியவர்கள், உடன் படித்தவர்கள் ஆகியோருக்கு எழுதுங்கள்.

‘ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று எழுதினால் பெறுபவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. மாறாக இப்படி எழுதலாம்: ‘வணக்கம் ஐயா. முன்பு கொள்முதல் பிரிவில் நாம் சேர்ந்து வேலை செய்தோம். எங்கள் நிறுவனத்தில் நடந்த ஆட்குறைப்பில் சென்ற மாதம் என் வேலை போய்விட்டது. பில்களில் வரும் வேறுபாடுகளைக் கண்டுபிடித்துத் தீர்ப்பதில் எனக்கு எட்டு ஆண்டு அனுபவம் உண்டு. உங்கள் துறையில் இந்த வேலையை யார் பார்க்கிறார்கள், அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அறிய விரும்புகிறேன். இந்த வாரம் உங்களுக்கு வசதியான நேரத்தில் பதினைந்து நிமிடம் பேச முடியுமா?’ தகவலைக் கேட்பவருக்கு மறுப்புச் சொல்பவர் குறைவு.

விண்ணப்பமும் நேர்காணலும்

தன்விவரக் குறிப்பில் பதவிகளை அடுக்குவதோடு நிறுத்தாமல், எதை, எவ்வளவு பெரிய அளவில் செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்பதை ஒவ்வொரு வரியிலும் சொல்லுங்கள். விளம்பரத்தில் உள்ள சொற்கள் உங்கள் பணிக்கூறுகளுக்குப் பொருந்தும் இடங்களில் அதே சொற்களைப் பயன்படுத்துங்கள். பல நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் சலிப்பது மென்பொருள்தான். அமெரிக்காவில் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், வேலையின்றி இருந்த காலம் நீள நீள நேர்காணல் அழைப்புகள் குறைந்தன. அந்தச் சரிவின் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களுக்குள்ளேயே நிகழ்ந்தது. இதைப் படித்துக் கலங்க வேண்டாம். அந்த இடைவெளியை வெறுமையாக விடாமல், பகுதி நேர வேலை, குறுகிய ஒப்பந்தப் பணி, தொண்டு அமைப்பு ஒன்றின் கணக்கைப் பார்த்துக்கொடுப்பது என உண்மையான ஏதாவது ஒன்றால் நிரப்புங்கள். தேதிகளைத் திருத்திப் பொய் சொல்வது மட்டும் கூடாது. சரிபார்க்கும்போது வெளிப்பட்டால் கிடைத்த வேலையும் போய்விடும்.

வேலை போன காரணத்தைக் கேட்டால் இரண்டே வாக்கியங்களில் பதில் சொல்லுங்கள்: ‘நிறுவனம் அந்தப் பிரிவையே மூடியதால் என் பதவியும் நீக்கப்பட்டது. அதன் பிறகு சரக்கிருப்பு மென்பொருளைக் கற்றுக்கொண்டு, இந்த வகை வேலையைத் தேர்ந்தெடுத்துத் தேடிவருகிறேன்.’ பழைய மேலாளரைக் குறை சொல்லும் ஆசை எழும். அது நியாயமானதாகவும் இருக்கலாம். அந்தக் கோபத்துக்கு நேர்காணல் அறை இடமில்லை. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையிழந்த பொறியாளர்களில் அந்த இழப்பைப் பற்றிய தங்கள் உணர்வுகளைச் சில நாட்கள் எழுதியவர்கள், எழுதாதவர்களைவிட விரைவாக வேலை பெற்றார்கள். முதல் நேர்காணலுக்கு முன் உங்கள் மனத்தில் உள்ளதையும் யாருக்கும் காட்டாமல் எழுதித் தீர்த்துவிடுங்கள்.

நாளின் ஒழுங்கைக் குலைய விடாதீர்கள். ஆஸ்திரியாவின் மரியன்தால் என்னும் சிற்றூரில் ஆலை மூடப்பட்ட பிறகு, 1930-களின் தொடக்கத்தில் சமூக உளவியலாளர் மரி யஹோடாவும் சக ஆய்வாளர்களும் அவ்வூரை ஆராய்ந்தபோது, நேரம் ஏராளமாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் குறைந்திருந்தார்கள். ஆண்களின் நடையே மெதுவாகியிருந்தது. நேரம் கிடைப்பதால் மட்டும் மனிதர் செயல்படுவதில்லை. எழும் நேரம், தேடலுக்கான நேரம், தேடலை நிறுத்தும் நேரம் ஆகிய மூன்றையும் நிர்ணயித்துக்கொள்ளுங்கள். உறக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டின் 181-ஆம் எண் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. பதிவுக் கட்டணம், பயிற்சி முன்பணம், மடிக்கணினிக்கான வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பார்த்த பின்னரே அடையாள ஆவணங்களை அனுப்புங்கள்.

வேலை கிடைத்து, சம்பளம் பழையதைவிடக் குறைவாக இருந்தால், முதல் வாரத்தில் போட்ட மாதக் கணக்கையும் பணிக்கூறுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து முடிவெடுங்கள். வளர்ந்துவரும் கூறுகளைக் கற்றுத்தரும் வேலையாக இருந்தால் ஓரளவு குறைவான சம்பளத்தை ஏற்பது தகும். பணத் தேவைக்காக மட்டுமே ஏற்கும் வேலை என்றால், தேடலுக்காக வாரத்தில் சில மணி நேரத்தை அப்போதே ஒதுக்கி வையுங்கள். பணி நியமனக் கடிதம் எழுத்தில் கைக்கு வரும்வரை மற்ற விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். சேர்ந்த பிறகு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து, புதிதாகச் செய்யத் தொடங்கிய கூறுகளையும் மென்பொருளுக்குப் போய்விட்ட கூறுகளையும், நிறுவனத்தின் ரகசியத் தகவல்கள் எதையும் சேர்க்காமல், உங்கள் சொந்தச் சொற்களில் குறித்து வையுங்கள்.