ஃபேன் எந்தப் பக்கம் சுத்துது? இன்டர்வியூவில் கோணல் கேள்வி வந்தால்

2008-ல், கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனம். எனக்கு அது மூன்றாவது இன்டர்வியூ. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' தொடங்கி எல்லாவற்றையும் உருப்போட்டுக்கொண்டு போயிருந்தேன். எதிரே இருந்த பெரியவர் ரெஸ்யூமேவைப் புரட்டக்கூட இல்லை. "தம்பி, நிமிந்து பாக்காம சொல்லுங்க. தலைக்கு மேல ஓடுற ஃபேன் வலஞ்சுழியா, இடஞ்சுழியா?" என்றார்.

"வலஞ்சுழி சார்." அவர் முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"எங்கேருந்து பாத்தா?"

அவ்வளவுதான், வாயடைத்துப் போனேன். நம் வீட்டு சீலிங் ஃபேன்கள் கீழே இருந்து பார்த்தால் பெரும்பாலும் இடஞ்சுழி. கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லிக்கு அதே ஃபேன் வலஞ்சுழி. அதைச் சொல்லியிருந்தாலே தப்பித்திருப்பேன். வேலை கிடைக்கவில்லை. (பழியை ஃபேன் மேல் மட்டும் போட முடியாது. சி மொழியில் பாயின்டர் பற்றிக் கேட்டபோதும் முழித்தேன்.)

பல வருடம் கழித்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கத் தொடங்கிய பிறகு ஒரு விஷயம் தெரிந்தது. இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பாதி நேரம் கேட்பவருக்கே விடை தெரியாது. கேட்டு முடித்த அடுத்த ஒரு நிமிடம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஒரு நிமிடத்தை எப்படிக் கடப்பது என்பதற்குத்தான் இந்தப் பதிவு. முதல் வேலை தேடுபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: வாயை மூடுங்கள்

மூன்று விநாடி போதும். மேசையில் தண்ணீர் இருந்தால் ஒரு மடக்கு குடியுங்கள். "ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சட்டென்று உளறினால், பிறகு அந்த உளறலுக்கு முட்டுக்கொடுப்பதிலேயே மீதி நேரம் போய்விடும்.

படி 2: விட்டுப்போனதைத் திருப்பிக் கேளுங்கள்

கோணல் கேள்வி பெரும்பாலும் அரைகுறைக் கேள்வி. ஃபேன் கேள்வியில் எங்கிருந்து பார்ப்பது என்பது இல்லை. "கீழேருந்து பாக்குறப்பவா சார்?" என்று கேட்டிருந்தால் பாதிக் கிணறு தாண்டியிருப்பேன். ஆனால் ஒரு கேள்வி, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் கேட்டால் நழுவுகிறீர்கள் என்று தோன்றிவிடும்.

படி 3: எந்த ரகம் என்று பாருங்கள்

என் கணக்கில் நான்கு ரகம். முதல் ரகத்துக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை, அதனால் அதை நீட்டிச் சொல்கிறேன்.

தோராயக் கணக்கு. "சென்னையில ஒரு நாளைக்கு ஹோட்டல்கள்ல எத்தனை இட்லி விக்கும்?" இது இயற்பியல் மேதை என்ரிகோ ஃபெர்மியின் பெயரில் வழங்கும் பழைய விளையாட்டு. சிகாகோவில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் எத்தனை பேர் என்பது அதன் புகழ்பெற்ற வடிவம். எண்ணைக் கேட்டு மிரளாமல், தெரிந்த இடத்தில் ஆரம்பித்து வாய்விட்டுக் கணக்குப் போடுங்கள்.

"2011 கணக்கெடுப்புப்படி விரிவாக்கப்பட்ட மாநகராட்சிப் பகுதியில ஏறக்குறைய 67 லட்சம் பேர். கணக்குக்கு 70 லட்சம்னு வச்சுக்கிறேன் சார். பத்துல ஒருத்தர் காலைல வெளிய சாப்பிடுறார்னா 7 லட்சம். அதுல பாதிப் பேர் இட்லி, மூணரை லட்சம். ஆளுக்கு மூணு, பத்தரை லட்சம் இட்லி. ராத்திரி வியாபாரம் இதுல பாதின்னு வச்சா அஞ்சு லட்சம். மொத்தம் பதினஞ்சு லட்சத்துக்குக் கிட்ட."

இதோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். நிறுத்தாமல் மறுபக்கத்திலிருந்து சரிபாருங்கள். "ஒரு கடைக்கு நாளைக்கு 300 இட்லின்னா 5,000 கடை வேணும். மாநகராட்சியில 200 வார்டு. வார்டுக்கு 25 கடை. தள்ளுவண்டியையும் சேத்தா நம்புற மாதிரிதான் இருக்கு." வார்டுக்கு 2,500 என்று வந்திருந்தால் எங்கோ இரண்டு சைபர் கூடிவிட்டது என்று நீங்களே பிடித்திருப்பீர்கள். நான் பேனலில் இருக்கும்போது பேனாவை எடுத்துக் குறிப்பது இந்த இடத்தில்தான். பதினைந்து லட்சமா இருபதா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் புதிர்களுக்குப் பேர்போன நிறுவனம் கூகுள். அங்கே மனிதவளத் துறையின் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013-ல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில், இவை நேர விரயம், யார் நன்றாக வேலை செய்வார் என்பதை இவை காட்டுவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நம் ஊர்க்காரர்கள் இன்னும் விட்டபாடில்லை. ஆகவே தயாராகப் போவதே மேல்.

கற்பனைக் கேள்வி. "நீங்க சமையலறைப் பொருளா இருந்தா என்னவா இருப்பீங்க?" கேட்க அபத்தமாகத்தான் இருக்கும். சட்டென்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தோடு முடிச்சுப் போடுங்கள். பத்தில் எட்டுப் பேர் 'அஞ்சறைப்பெட்டி, எனக்குள்ளே பல திறமை' என்பார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஒரு பெண் "இடுக்கி சார்" என்றார். கல்லூரி விழாவில் ஸ்பான்சர் ஒருவர் கடைசி நேரத்தில் கத்தியபோது, அவரைத் தனியே அழைத்துப்போய்ப் பேசிச் சமாதானப்படுத்தியதைச் சொன்னார். "கொதிக்கிற பாத்திரம், கை சுடாம இறக்கி வச்சேன்." வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சீண்டல். "இவ்வளவு அரியர் வச்சுக்கிட்டு எந்த நம்பிக்கையில இங்க வந்தீங்க?" கோபம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். உண்மையை ஒரு வரியில் ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகு செய்ததை இன்னொரு வரியில் சொல்லுங்கள். "ஆமா சார், மூணு அரியர் இருந்துச்சு, ரெண்டு மேத்ஸ். ஆறாவது செமஸ்டருக்குள்ள எல்லாத்தையும் கிளியர் பண்ணிட்டேன்." காலேஜ் சரியில்லை, வாத்தியார் சரியில்லை என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

சொந்த விஷயம். இங்கேதான் எனக்கே எரிச்சல் வரும். "கல்யாணம் எப்போம்மா?" என்ற கேள்வியின் பின்னால் பெரும்பாலும் பிரசவ விடுப்புக் கணக்கு இருக்கும். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. பெண் என்பதற்காக ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து சட்டம் பேசுவது எல்லோராலும் முடியாது. கேள்வியை வேலைப் பக்கம் திருப்பிவிடலாம்: "ஷிப்ட் டைமிங்குக்காகக் கேக்குறீங்களா மேடம்? காலைல ஏழு மணி ஷிப்டுக்கு வர்றதுல எனக்குச் சிரமம் இல்லை."

"எந்த ஊரு?" சாதாரணக் கேள்வி. "அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று தொடர்ந்தால் எதைத் தோண்டுகிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். "பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்" என்று முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் தோண்டுகிற இடத்தில் சேரலாமா என்று வீட்டுக்கு வந்து யோசியுங்கள்.

படி 4: தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்

"தெரியாது சார்" என்று மட்டும் சொல்லி அமைதியாகிவிட வேண்டாம். "தெரியல சார், கண்டுபிடிக்கணும்னா முதல்ல இதைப் பாப்பேன்" என்று ஒரு வழியைக் காட்டுங்கள்.

படி 5: உங்கள் ரெஸ்யூமேவே எதிரி

எதிர்பாராத கேள்விகளில் பாதி நீங்கள் எழுதிக்கொடுத்ததிலிருந்துதான் வரும். 275 மதிப்பெண்ணுக்கு நடக்கும் யூபிஎஸ்சி நேர்முகத் தேர்விலேயே பொழுதுபோக்கு என்று எழுதியதைக் கிளறுவது வழக்கம். 'செஸ்' என்று எழுதியிருந்தால் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) எப்போது செய்யக்கூடாது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதா? அந்த வரியை அடித்துவிடுங்கள்.

படி 6: வீட்டில் பழகுங்கள்

விடையைச் சரிபார்க்கக்கூடிய கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் எத்தனை குடம் தண்ணீர் பிடிக்கும்? நண்பரை எதிரே உட்காரவைத்து, இரண்டு நிமிடத்தில், வாய்விட்டு. முடித்ததும் மாடிக்குப் போய்த் தொட்டியின் மேல் அச்சடித்திருக்கும் லிட்டரைப் பாருங்கள். 1000 என்று இருந்து, உங்கள் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால், 66-க்குப் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும். இறங்கி வரும்போது ஹால் ஃபேனையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.