இளம் குதிரையின் எலும்பு உறுதிப்பட: சிறிது வேகம், நிறைய வெளி

பந்தயத்துக்கு வளர்க்கும் தரோபிரெட் இனக் குதிரைக் குட்டியை ஓடவிடாமல் லாயத்திலேயே கட்டி வைத்தால் எலும்புக்குப் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. மேய்ச்சல் வெளியில் வளர்ந்த குட்டியை லாயத்தில் அடைத்து மெதுவான பயிற்சி மட்டும் கொடுத்தால், முதல் இரண்டு மாதங்களில் முன்னங்கால் முட்டிக்குக் கீழே உள்ள நீண்ட எலும்பின் தாது அடர்த்தி குறைவதுண்டு. வேக ஓட்டத்தைத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். 2 வயதுக் குதிரைகளுக்கு அந்த எலும்பின் முன்பக்கம் வீங்கி வலிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எலும்பை வலுவாக்குவது ஓடும் தூரமல்ல, எலும்பின் மீது விழும் அழுத்தம். நீண்ட மெது ஓட்டம் இதயத்துக்கும் தசைக்கும் நல்லது, எலும்புக்கு அது போதாது. ஆகவே தினமும் சில மணி நேரம் திறந்த வெளியில் விடுங்கள். அப்புறம், வாரத்தில் ஒன்றிரண்டு முறை நேர்க்கோட்டில் மிகக் குறுகிய வேக ஓட்டம் கொடுங்கள். தூரத்தைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மெல்லக் கூட்டினால் போதும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் டேவிட் நுனமேக்கர் வகுத்த பயிற்சிமுறையின் சாரமும் இதுதான்.

தவிட்டை அள்ளி வைக்காதீர்கள். அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. மொத்தத் தீவனத்தில் கால்சியமே கூடுதலாக இருக்க வேண்டும்.

வேக ஓட்டத்துக்கு மறுநாள் அந்த எலும்பின் முன்பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். சூடோ வலியோ தெரிந்தால் வேகப் பயிற்சியை உடனே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.